பழைய எஃப்.சி.க்கு இன்னும் பதினோரு நாள்

ஆர்.டி.ஓ. மைதானத்தில் இன்ஸ்பெக்டரம்மா என் வேனை இரண்டு முறை சுற்றி வந்தார். மூன்றாவது சுற்றில் பின் டயர் பக்கம் குனிந்தார்.

"இந்த டயரைப் போன வாரம் வேற ஒரு வண்டில பார்த்த மாதிரி இருக்கே" என்றார்.

பார்த்திருப்பார். மயிலாப்பூரில் எங்கள் ஸ்டாண்டில் ஏழு ஸ்கூல் வேன். ஏழும் ஒரே கம்பெனி, ஒரே சைஸ் சக்கரம். ஏழுக்கும் சேர்த்து ஒரே ஒரு எஃப்.சி. செட், அதாவது ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்க மட்டும் மாட்டுகிற செட், வைத்திருக்கிறோம். தேயாத டயர் நான்கு, தீயணைப்பு சிலிண்டர் ஒன்று, பிரிக்காத முதலுதவிப் பெட்டி ஒன்று. எந்த வண்டிக்கு எஃப்.சி. தேதி வருகிறதோ அதற்கு செட்டை மாட்டுவோம். சர்டிபிகேட் கைக்கு வந்ததும் கழற்றி அடுத்த வண்டிக்குக் கொடுத்துவிடுவோம். இதைத் தப்பு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. அக்கா நகையைத் தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரிதான். வண்டி சாலையில் ஓட லாயக்கா என்று சர்க்கார் பார்க்கிறது. நாங்கள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அலங்காரம் செய்து அனுப்புகிறோம்.

"ஒரே மாதிரி டயரு ஊர்ல நிறைய கீதும்மா" என்றேன்.

அந்தம்மா டயரை விட்டு நிமிர்ந்தார். கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறினார்.

"நான் ஓட்டிக் காட்டுறேம்மா. வண்டி என் கைக்குப் பழகினது."

"நகருங்க, நானே ஓட்டுறேன்."

"இல்லம்மா, கிளட்ச் கொஞ்சம்..."

"பக்கத்துல உக்காருங்க பாய்."

உட்கார்ந்தேன். மைதானத்தில் நேராக ஓட்டினார். முப்பது, முப்பத்தைந்து. பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். வண்டி நிற்கவில்லை. மூக்கை இடது பக்கம் திருப்பிக்கொண்டு காம்பவுண்டு சுவரை நோக்கிப் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். சுவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது.

இஞ்சினை அணைத்தார். பிறகு, "எத்தனை பசங்க வர்றாங்க இதுல?" என்று கேட்டார்.

"ஒம்போது பேரும்மா."

இறங்கிப் பின் சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரேக் எண்ணெய் வழிந்து சக்கரமெல்லாம் ஈரமாக இருந்தது. "வீல் சிலிண்டர் லீக் ஆகுது. ரிஜெக்ட். இங்கேர்ந்து நேரா பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க. வழியில ஒருத்தரையும் ஏத்தாதீங்க. பாய், நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுதும்மா."

விழுந்தது. ஆனால் என் கண் கடிகாரத்தில் இருந்தது. மணி இரண்டேகால். பெசன்ட் நகரில் பள்ளிக்கூடம் மூன்று பத்துக்கு விடும். காலையில் இதே வண்டியில்தான் ஒன்பது பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குள் சர்டிபிகேட்டோடு வெளியே வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். என் கணக்கு என்றைக்குச் சரியாக வந்தது?

வெளியே வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஃபாரம் எழுதித் தரும் ஜவஹர் என் முகத்தைப் பார்த்ததுமே பேனாவை மூடிவிட்டான். நான் முதலில் ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் நதீமுக்கு போன் போட்டேன். வண்டியை விட்டால் மூன்று மணி நேரம் ஆகும் என்றான். அடுத்து ஸ்டாண்டில் கருணாகரனுக்குப் போட்டேன்.

"இன்னா நைனா, பாஸா?"

"ரிஜெக்ட்டு. பிரேக்கு. கருணா, என் பசங்கள இன்னிக்கு ஒரு நாளு நீ ஏத்திக்கோ."

"என் வண்டியில பதிமூணு பேரு கீறாங்க. உன் ஒம்போது பேரையும் கூரை மேலயா குந்த வைக்கிறது? ஆமா, உன் பழைய எஃப்.சி. எப்ப முடியுது?"

"இன்னும் பதினோரு நாள் கீது."

"அப்புறம் இன்னாத்துக்கு பேஜாராவுற? பேப்பர்ல தேதி கீது, சீலு கீது. பதினோரு நாளு அது உயிரோட கீது. போலீஸ் மடக்குனா அத்த எடுத்துக் காட்டு. நீ பாட்டுக்கு போய்க்கினே இரு."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஜவஹர் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வைத்ததும் ஆரம்பித்தான்.

"ஷரஃபு பாய், அவன் பேச்சைக் கேக்காத. லாயக்கு இல்லாத வண்டின்னு இன்னிக்கு எழுதிட்டாங்க. கம்ப்யூட்டர்ல ஏறிடும். அதுக்கு மேல ஓட்டி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னு வையி, இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவான். கோர்ட்டுல நின்னுக்கினு பதினோரு நாள் கணக்கு சொல்லுவியா நீ? பட்டறைக்குப் போலாம், சரி பண்ணிக்கினு திரும்ப இங்க வரலாம். நடுவுல ஒரு எறும்பக்கூட ஏத்தாத."

சட்டம் ஒன்று, அர்த்தம் இரண்டு. எது சரி என்று எனக்கு அன்றும் தெரியாது. எனக்கு வசதியாக இருந்தது கருணாகரனுடைய அர்த்தம்தான். வசதியானதை நம்புவதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 'இன்று வேன் வராது' என்று அடித்தேன். அனுப்பவில்லை. பதினான்கு வருடமாக ஒரு நாளும் அப்படி எழுதியதில்லை. 'ஏன் வராது?' என்று ஒன்பது வீட்டிலிருந்தும் கேட்பார்களே. அடித்ததை அழித்தேன். ஆட்டோ வைக்கலாம்தான். மூன்று ஆட்டோ வேண்டும். நான் ஒன்றில்தான் உட்கார முடியும். மற்ற இரண்டில் முகம் தெரியாதவனை நம்பி நான்கு வயதுக் குழந்தையை ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட வாட்ச்மேனும் வேன் கார்டு வைத்திருப்பவனைத் தவிர வேறு ஆளிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டான். இப்படியெல்லாம் ஒவ்வொரு காரணமாகச் சேர்த்துக்கொண்டே கிண்டி வரைக்கும் வந்துவிட்டேன். சிக்னலில் ஒரு பக்கம் பட்டறைக்குப் போகிற ஈக்காட்டுத்தாங்கல், இன்னொரு பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அடையாறு. பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். அடையாறு பக்கம் திருப்பினேன்.

பள்ளிக்கூட வாசலில் ஒன்பது பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். எப்போதும் போல சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். ஐந்தாம் வகுப்பு சைஃப் ஜன்னலோரம். அவனுக்குப் பக்கத்தில் மூன்றாம் வகுப்பு ஜானு. கிச்சாதான் இருப்பதிலேயே குட்டி, எல்.கே.ஜி. அவனுக்கு மட்டும் எனக்குப் பின்னால் உள்ள சீட்டு, என் கால் தெரிகிற இடம் வேண்டும். அங்கேதான் உட்காருவான். கதவைச் சாத்தினேன், சரியாக விழவில்லை. இரண்டாம் முறை சாத்த வேண்டியிருந்தது.

"அங்கிள், வண்டிக்குப் புது டயரா?" என்று சைஃப் கேட்டான்.

"ஆமாண்டா. உக்காரு."

இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. இடது ஓரமாக, சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகத்தில் ஓட்டினேன். முன்னால் போகிற ஒவ்வொரு வண்டியின் சிவப்பு விளக்கும் என் நெஞ்சுக்குள் எரிந்தது. யாராவது குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று பிளாட்பாரத்தில் நிற்கிற ஒவ்வொரு மனிதனையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு நாய் சாலையைக் கடந்தது. அதற்காக நான் ஓதிய துவாவை என் சொந்தப் பரீட்சைக்குக்கூட ஓதியதில்லை.

அடையாறு சிக்னலுக்கு முன்னால் டிராபிக் போலீஸ் வண்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தார். ஓடி ஒளிய இடமில்லை. டேஷ்போர்டைத் திறந்து பழைய எஃப்.சி.யை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தேதி தெரிகிற மாதிரி மடித்தேன். பதினோரு நாள், பதினோரு நாள் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ரிஜெக்ட் என்று எழுதிய தாள் சட்டைப் பையில் சரசரத்தது. அந்த ஆள் கண்ணை நேராகப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வருமா? வராது. வியர்வையிலேயே மாட்டிக்கொள்வேன்.

பிள்ளைகள் ஜன்னல் வழியாக அவருக்குக் கை காட்டினார்கள். அவர் சிரித்தார். பைக்குகளை நிறுத்திவைத்துவிட்டு, "ஸ்கூல் வண்டி, போ போ" என்று எனக்கு வழி விட்டார்.

தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம் வந்தது. நிறுத்தியிருக்கக் கூடாதா? இறங்குடா என்று சட்டையைப் பிடித்திருந்தால் அத்தோடு போயிருக்கும். மஞ்சள் பெயிண்டைப் பார்த்தால் போதும், எல்லோரும் வழி விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு என்னை நிறுத்துவதற்கு யாருமே இல்லை என்று நினைத்தபோது இன்னும் பயந்தேன்.

அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது பிரச்சினை இல்லை. ஏற்றத்தில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். இறக்கத்தில் வண்டி தானாக வேகம் எடுத்தது. எங்களுக்கு முன்னால் ஒரு மாநகர பஸ் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் என்ன வந்ததோ, திடீரென்று நின்றது.

மிதித்தேன். பெடல் தரையில் போய் இடித்தது. மறுபடி மிதித்தேன். பிடிக்கவில்லை. மறுபடி. பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார், அவர் வாய் திறந்தது. நான் முதல் கியருக்கு இழுத்தேன், இஞ்சின் அலறியது, ஹேண்ட் பிரேக்கை ஒரு கையால் இழுத்து, மறு கையால் வண்டியைத் திருப்பிப் பிளாட்பாரக் கல்லில் உரசவிட்டேன். சக்கரம் கல்லில் தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

என் முன் கண்ணாடியில் இருந்து பஸ் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அது புகையை விட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்பிப் போனது.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடியில்தான் முதலில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு. கிச்சாவைக் காணோம். என் உயிர் அங்கேயே போய்விட்டது. கீழே விழுந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தவன் நிமிர்ந்தான்.

"அங்கிள், சூப்பர்! இன்னொரு தடவ!" என்றான்.

ஒன்பது பேரும் கை தட்டினார்கள்.

நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. நாற்பத்தெட்டு வயது ஆள், பிள்ளைகள் முன்னால். ஜானு பின்னால் இருந்து என் தோளைத் தட்டி, "அங்கிள், தலை வலிக்கறதா?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் ஒரு அடிகூட ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். சத்யா ஸ்டூடியோ பஸ் நிறுத்தம் பக்கம் வண்டியைத் தள்ளி ஓரம் கட்டினேன். சைஃபும் தள்ளினான். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். சீட்டுக்கு அடியில் இருந்த, வண்டியைக் கட்டி இழுக்கிற கயிற்றை எடுத்து ஒன்பது பேர் கையிலும் கொடுத்தேன். "யாரு கயித்த விடுறாங்களோ அவங்க அவுட்டு" என்றேன். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து மந்தைவெளி வழியாக மயிலாப்பூர் வரைக்கும் நடந்தோம். முன்னால் சைஃப், கடைசியில் நான். கிச்சாவின் பையும் இன்னும் மூன்று பைகளும் என் தோளில். பிளாட்பாரம் இருக்கிற இடத்தில் டிபன் கடை இருந்தது, கடை இல்லாத இடத்தில் பிளாட்பாரம் இல்லை. பக்கத்தில் உரசிக்கொண்டு போகிற ஒவ்வொரு தண்ணீர் லாரியையும் பார்த்து, இவன் எஃப்.சி. எப்படி வாங்கினானோ, இவன் பிரேக் எப்படி இருக்கிறதோ என்று நடுங்கினேன். என்னைப் போலத்தானே எல்லோரும் வாங்கியிருப்பார்கள்? நூறு அடிக்கு ஒரு முறை எண்ணினேன். ஒன்பது. மறுபடி ஒன்பது. ஒரு முறை பத்து வந்தது. அவசரத்தில் என்னையும் சேர்த்துவிட்டேன்.

வீடு வீடாக இறக்கிவிட்டேன். "என்ன பாய், நடந்து வர்றீங்க?" என்று எல்லா வாசலிலும் கேட்டார்கள். "வண்டி சின்ன ரிப்பேரும்மா" என்று எல்லா வாசலிலும் சொன்னேன். சைஃபின் அம்மா ரூபீனா, "அடடா, இந்த வெயில்ல இவ்ளோ தூரமா? நீங்க நல்லா இருக்கணும் பாய்" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பெயர் எனக்கு எட்டு வாசலிலும் கிடைத்தது.

கடைசி வீடு கிச்சாவுடையது. தெற்கு மாட வீதியில் இருந்து உள்ளே போகிற சந்தில் முதல் மாடி. அவன் அம்மா ஸ்ரீரஞ்சனி பாட்டு டீச்சர். போனில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர். காதில் மாட்டியிருந்ததைக் கழுத்தில் இறக்கிக்கொண்டே கதவைத் திறந்தார்.

கிச்சா உள்ளே ஓடும்போதே, "அம்மா, அங்கிள் பஸ்ஸ இடிக்கப் போனார்! இடிக்கவே இல்ல!" என்று கத்திக்கொண்டு போனான்.

அந்தம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. முகத்தில் இருந்த ரத்தம் மட்டும் இறங்கியிருந்தது.

"என்ன ஆச்சு ஷரஃபுதீன்?"

"ஒண்ணும் இல்லம்மா. இன்னிக்கு எஃப்.சி. காட்டப் போனேன். பிரேக்கு சரியில்லன்னு சொல்லிட்டாங்க. அதான் பாதில நிறுத்திட்டு நடத்திக் கூட்டியாந்தேன். நாளைக்குள்ள சரி பண்ணிடுவேன். பழைய எஃப்.சி.க்கு இன்னும் பதினோரு நாள் கீது. சட்டப்படி..."

"சட்டத்தை விடுங்கோ. இன்னிக்குத்தான் பிரேக் போச்சா?"

"இன்னிக்குத்தாம்மா சொன்னாங்க."

"அவா சொன்னது இன்னிக்கு. நான் கேக்கறது அது இல்ல." அந்தம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவன் தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் நாற்காலில ஒக்காந்துண்டு வேன் ஓட்டுவான். உங்களை மாதிரியே. பிரேக்குன்னா கால ரெண்டு தடவை தொப்பு தொப்புன்னு மிதிப்பான். ஒரு தடவை மிதிச்சாப் போறாதாடான்னு கேட்டேன். 'ஒரு தடவ மிதிச்சா நிக்காதும்மா, ரெண்டாவதுக்குத்தான் நிக்கும்'னான். ஆத்துல எல்லாரும் அதைப் பார்த்துச் சிரிச்சிண்டிருந்தோம். ஒரு மாசமாச் சிரிச்சிண்டிருக்கோம்."

கிச்சாவின் பையைக் கீழே இறக்கி வைத்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை நேரம் நான் இதை உங்களிடமும் சொல்லவில்லை. பெடல் இறங்குவது எனக்குத் தெரியும். முதல் மிதி சும்மா போகும், இரண்டாவது மிதியில் பிடிக்கும். அதற்குக் கால் பழகிவிட்டது. கால் பழகியதும் மனசும் பழகிவிட்டது. இன்ஸ்பெக்டரம்மாவிடம் நானே ஓட்டுகிறேன் என்று கெஞ்சியது அதற்காகத்தான். என்னை ஓட்டவிட்டிருந்தால் இரண்டு மிதி மிதித்துப் பாஸ் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நாளைக்கும் ஏற்றியிருப்பேன். நேற்று என் வண்டி சட்டப்படி நல்ல வண்டி, இன்று மதியம் முதல் கெட்ட வண்டி. நேற்று இருந்த அதே பிரேக்தான் இன்றும் இருந்தது.

"ஒரு மாசம் இல்லம்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பொங்கல் லீவுக்கு முன்னாலருந்தே அப்படித்தான். ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது."

ஸ்ரீரஞ்சனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் போனில் யாரோ ஒரு குழந்தை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. அவர் அதை அணைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மத்த எட்டு ஆத்துலயும் இதைச் சொன்னேளா?"

"இல்லம்மா. ரிப்பேருன்னுதான் சொன்னேன்."

"நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா?"

குழுவில் ஒரு குரல் செய்தி போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். போனைக் கையில் எடுத்துவிட்டேன். பின்பு சட்டைப் பைக்குள்ளேயே போட்டேன். அந்தப் பிள்ளைகளை நான் குரல் செய்தியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

"நானே போய் சொல்றேம்மா" என்றேன்.

மாடிப்படி இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தேன். காலையில் இருந்து எதற்கெல்லாமோ பயந்திருந்தேன், சுவருக்கு, போலீசுக்கு, பஸ்ஸுக்கு. அவை எல்லாம் வந்து போய்விட்டன. சைஃபின் வீட்டு வாசலில் அழைப்பு மணியில் விரலை வைத்து நின்றபோது வந்த பயம் போகவே இல்லை. இரண்டு முறை விரலை எடுத்தேன். மூன்றாம் முறை அழுத்தினேன்.

ரூபீனாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன பாய், திரும்பி வந்துட்டீங்க? சைஃப் எதையாவது விட்டுட்டு வந்துட்டானா?"